தோசைக்கல்லும் துப்பாக்கியும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அது எப்படியாவது அவசரகாலத்துக்குப் போய்விடும். 1948 ஜூன் 16-இல் பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிறந்த அவசரகாலம், 1960 ஜூலை 31 வரை நீடித்தது. மலாயாவின் தோட்டங்களை அப்போது காவல் காத்தவர்கள், துப்பாக்கி ஏந்திய சிறப்புக் காவலர்கள். .303 லீ என்ஃபீல்டு அந்தக் காலத்துத் துப்பாக்கி.

"அந்த இரும்பு கெட்டி, தம்பி. இப்போது வார்த்து எடுக்கிறார்களாமே, சுட்டால் வெடிக்காதா?" வானொலி நிகழ்ச்சிக்காக மலையேறியபோது ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த .303 தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகம். சுடுபவரின் கன்னமோ அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

அவர் பயத்துக்குக் காரணம் நம் அடுப்படியிலேயே உண்டு. வார்ப்பிரும்புத் தோசைக்கல் கைதவறி விழுந்தால் உடைந்துபோகும். அதில் கரிச்சத்து 2 விழுக்காட்டுக்கு மேல். அதனால் நொறுங்கும் தன்மை அதிகம். துப்பாக்கிக்கு வார்ப்பது அந்த இரும்பை அல்ல. கரிச்சத்து குறைந்த, வளைந்து கொடுக்கும் உருக்கை. இரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

உருக்கை வார்ப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. உருகிய உலோகம் ஆறிச் சுருங்கும்போது உள்ளே பொத்தலோ காற்றுக்குமிழியோ தங்கிவிடலாம். மேலே பார்த்தால் வழவழப்பாக இருக்கும். அடித்து உருவாக்கிய உருக்கில் இந்தக் குறை குறைவு என்பதால்தான் பழைய துப்பாக்கிகளை அப்படிச் செய்தார்கள்.

பிறகு வந்தது மெழுகு வார்ப்பு. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலைக்குக் கையாளும் அதே வழிதான்: மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. துப்பாக்கிக்கு மண்ணுக்குப் பதில் பீங்கான் போன்ற ஓடு. அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த எம்77 வேட்டைத் துப்பாக்கியின் உடற்பகுதி இப்படி வார்த்ததே. குழலை மட்டும் இப்படி வார்ப்பதில்லை.

அடித்துச் செய்தால் மட்டும் போதுமா? 1917-இல் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் சில வெடித்துச் சிதறின. அவை அடித்துச் செய்தவை. உலையில் உருக்கின் சூட்டை நிறம் பார்த்தே கணித்தார்கள்; வெயில் நாளில் நிறம் மங்கலாகத் தெரிய, சூடு மிஞ்சிப் போனது. பிறகு வெப்பமானி வைத்துச் சரிசெய்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது, யார் சோதித்தார்கள் என்பது. நல்ல ஆலையில் வார்ப்பின் உட்புறத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். ஐரோப்பாவில் துப்பாக்கி விற்பனைக்கு வருமுன், வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள்.

யாரோ பட்டறையில் கட்டிய துப்பாக்கிக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. துருப்பிடித்த பழசுக்கு, அன்று குத்திய முத்திரை இன்று உத்தரவாதம் ஆகாது. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். பழைய வீட்டிலோ காட்டோரத்திலோ அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.