ஆட்டுக்கால் சூப் நேரா மூட்டுக்குப் போகுமா?

கடற்கரைச் சாலையில் நாலு நடை நடந்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் சூடாக ஒரு கப் ஆட்டுக்கால் சூப்! புதுச்சேரிவாசிகள் பலருக்கு இது பழகிப்போன சுகம். 'எலும்புக்குப் பலம், மூட்டுவலி பறந்துடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இப்போது சூப்போடு போட்டி போட, மருந்துக் கடைகளில் கலர் கலராக டப்பாக்கள் வந்துவிட்டன. 'கொலாஜன் பவுடர்' என்று பெயர். முகம் பளபளக்கும், முழங்கால் வலி குறையும் என்கிறது விளம்பரம். விலையைப் பார்த்தால்தான் மயக்கம் வருகிறது!

வாங்கலாமா, வேண்டாமா? அதைத் தீர்மானிக்கும் முன், இந்தக் கொலாஜன் என்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் வடிவத்தை உலகத்துக்குச் சொன்னது எங்கோ அமெரிக்காவிலோ லண்டனிலோ இல்லை. நம் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் மூணு, நாலு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சென்னையில்தான்!

மணிகள் கோத்த சரம்

நம் உடம்பில் உள்ள எந்தப் புரதமும் அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த சரம்தான். மொத்தம் 20 வகை மணிகள். சரம் நீளவாக்கில் அப்படியே கிடக்காது. மடிந்து, சுருண்டு ஒரு வடிவத்துக்கு வரும். புடவையை மடித்து வைக்கும்போது உள்தலைப்பும் முந்தானையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன, இல்லையா? அதேபோல, சரத்தில் எங்கோ தள்ளியிருக்கும் இரண்டு மணிகள் மடிப்பில் தொட்டுக்கொள்ளும். எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் புரதத்தின் வடிவம் நிற்கிறது. வடிவம் சரியாக இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும்.

ஆனால் தொடுவதற்கும் ஓர் அளவு உண்டு. கூட்ட பஸ்ஸில்கூட ஒரு சீட்டில் இவ்வளவு பேர்தான் உட்காரலாம் என்று இருக்கிறதே... அப்படித்தான். அணுக்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்கினால் ஒன்றை ஒன்று தள்ளிவிடும்.

'இடிக்கிறதே!' என்றார்கள்

எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என்.ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர். சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டார் ராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கங்காரு வாலிலுள்ள தசைநாணை எக்ஸ்ரே படம் எடுத்து ஆராய்ந்தார். 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் விடை வெளியானது. கொலாஜன் என்பது மூன்று சரங்களைச் சேர்த்து முறுக்கிய முப்புரிக் கயிறு!

உடனே எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை. 1953-ல் வாட்ஸனோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன ஃபிரான்சிஸ் கிரிக்! அவரும் அலெக்ஸாண்டர் ரிச்சும், 'கயிறு சரி. ஆனால் நீங்கள் சொல்கிறபடி கட்டினால் அணுக்கள் இடித்துக்கொள்கின்றனவே' என்ற பொருளில் ஆட்சேபம் கிளப்பினார்கள்.

வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார், அல்லது ஒதுங்கியிருப்பார். ராமச்சந்திரன் அடிப்படைக் கேள்விக்கே போனார். 'இடிக்கிறது என்றால், எவ்வளவு நெருக்கம் வரை இடிக்காது?' சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, ஏற்கெனவே அளந்து வெளியான படிகங்களில் எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம் வரை நெருங்கியிருக்கிறது என்று தேடித் தேடிப் பட்டியல் போட்டார்.

ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம். அந்தக் கணக்கில் கார்பனும் கார்பனும் 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம். ரொம்பப் போனால் 3.0. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் 2.0, ரொம்பப் போனால் 1.9. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எல்லை.

உங்கள் முழங்கையைப் பின்பக்கமாக மடக்கிப் பாருங்கள். முடியாது! புரதச் சரத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு மணிக்கும் திரும்பக்கூடிய மூட்டுகள் இரண்டு. அணுக்கள் இடிக்காமல் அவை எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம் என்று 1963-ல் மூவரும் ஒரு படம் வரைந்து காட்டினார்கள். அதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், சரியா தப்பா என்று சோதிக்க இன்றைக்கும் இந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் படிக்கும் மாணவர்களுக்கும் இது பாலபாடம்.

சரி, சண்டையில் ஜெயித்தது யார்? முப்புரிக் கயிறு சென்னையுடையது. மூன்று மணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னைக் குழு சொன்னதில், ஒன்றுதான் என்ற கிரிக்-ரிச் திருத்தம் நிலைத்தது. ஆட்சேபத்துக்குப் பதில் தேடப் போய்க் கிடைத்த வரைபடமோ, கொலாஜனைவிடப் பெரிய புகழைத் தந்துவிட்டது!

நம் உடம்பில் என்ன ஆகிறது?

கயிற்றின் நடுவில் இடம் ரொம்பக் குறுகல். அங்கே உட்காரக்கூடியது மணிகளிலேயே மிகச் சின்னதான கிளைசின் மட்டும்தான். அதனால்தான் கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். பிறவியிலேயே ஒரே ஒரு கிளைசின் இடத்தில் வேறு பெரிய மணி வந்துவிட்டால் போதும், அங்கே இடிக்கும்; கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. லேசாகத் தடுக்கினாலே எலும்பு முறிகிற பிறவி நோய் சில குழந்தைகளுக்கு வருவது இப்படித்தான். காரணமே இல்லாமல் உங்கள் குழந்தைக்கு அடிக்கடி எலும்பு முறிந்தால், 'வாலுத்தனம்' என்று விட்டுவிடாமல் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், வைட்டமின் சி. கயிற்றிலுள்ள புரோலின் மணிகள் பலவற்றில் ஓர் ஆக்ஸிஜனைச் சேர்க்க இந்த வைட்டமின் அவசியம். அது சேராவிட்டால், நம் உடம்புச் சூட்டிலேயே கயிறு பிரிந்துவிடும்! ஈறில் ரத்தம், ஆறாத புண், தோலில் ரத்தப் புள்ளிகள்... ஸ்கர்வி நோயின் அடையாளங்கள் இவை. பழைய கப்பல் மாலுமிகளோடு போய்விட்ட நோய் என்று நினைக்காதீர்கள். டீயும் பன்னுமாகக் காலத்தை ஓட்டும் தனிமைப் பெரியவர்களுக்கும், மதுவுக்கு அடிமையானவர்களுக்கும் இன்றும் வரக்கூடும்.

சூப்பா, பவுடரா?

ஆட்டுக்காலை நேரம்போகக் கொதிக்க வைத்தால், முப்புரி பிரிந்து ஜெலட்டின் ஆகிறது. மிச்ச சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் அல்வா மாதிரி உறைகிறதே, அதுதான்! வயிற்றுக்குப் போனதும் சூப்போ பவுடரோ தனித்தனி மணிகளாகவும் குட்டித் துண்டுகளாகவும் உடைந்துவிடும். 'நான் முழங்காலுக்குப் போகணும்' என்று அவற்றுக்கு விலாசம் எதுவும் கிடையாது. உடம்பு எங்கே தேவையோ அங்கே எடுத்துக்கொள்ளும்.

பவுடரால் மூட்டுவலியும் சரும வறட்சியும் ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அவற்றில் பல சின்ன ஆய்வுகள். பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே பணம் கொடுத்திருக்கிறார்கள். தவிர, டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் கொலாஜனில் கிடையாது. எனவே முட்டை, பருப்பு, பால், மீனுக்கு இது மாற்று ஆகாது.

அப்ப என்னதான் செய்யணும்?

* தினமும் ஒரு நெல்லிக்காய் அல்லது ஒரு கொய்யா. இரண்டிலுமே 100 கிராமில் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் வைட்டமின் சி உண்டு. பெண்களுக்கு நாளொன்றுக்கு 65, ஆண்களுக்கு 80 மில்லிகிராம் போதும்.

* எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். சூட்டில் வைட்டமின் சி வீணாகும்.

* சிகரெட்டும் கடும் வெயிலும் சருமத்துக் கொலாஜனைச் சிதைக்கும். புகைப்பதை விடுங்கள்; உச்சி வெயிலில் குடை பிடியுங்கள்.

* சூப் பிடித்திருந்தால் தாராளமாகக் குடியுங்கள். பி.பி. உள்ளவர்கள் உப்பையும், மேலே மிதக்கும் கொழுப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

* சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் புரதப் பவுடரையும் தொடாதீர்கள்.

* மூட்டுவலி வாரக்கணக்கில் நீடித்தால் டப்பாவைத் தேடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். பவுடருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு மாதத்துக்குக் கொய்யாவும் முட்டையும் வாங்கலாம். வீட்டில் எல்லோருமே சாப்பிடலாம்!