பார்சலுக்குள் இருப்பது இருவருக்கு மட்டும்

தோட்டத்தை விட்டுக் குடிபெயர்கிறவர்கள் கட்டிலையும் மேசையையும் லயத்து வாசலில் இறக்கி வைப்பார்கள். அண்டை வீட்டார் விலை பேசி எடுத்துக்கொள்வார்கள். ஊரறிய நடக்கும் அந்த விற்பனையில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. கைச்செலவுக்கு வழியில்லாமல் ஒரு பொருளைக் கைமாற்றுவதுதான் வெட்கமாக இருந்தது. முந்தானைக்குள் சுருக்குப் பையை ஒளித்துக்கொண்டு, சுங்கைப்பட்டாணிக்குப் பஸ் ஏறி, தெரிந்த முகம் எதிரே வருகிறதா என்று பார்த்துவிட்டு அடகுக் கடைக்குள் நுழைந்த அம்மாக்களை நம்மில் பலருக்குத் தெரியும்.

இன்று அந்தப் பஸ் பயணம் தேவையில்லை. முடா இணையத்தளம் 2007இல் இங்கே தொடங்கியது. சிங்கப்பூரில் 2012இல் பிறந்த கரோசல் பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, அதுவரை இணையத்தில் ஒரு சோப்புக்கூட வாங்காதவர்களும் வாங்கப் பழகினார்கள். வாங்கப் பழகிய கை விற்கவும் பழகியது.

நான் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள். இப்போது சுங்கைப்பட்டாணியில் குடியிருக்கிறேன். கடந்த ஓர் ஆண்டாகப் பிள்ளைகளின் உடைகள், எஸ்.பி.எம். பயிற்சி நூல்கள், பரதநாட்டிய உடைகள், பாத்திரங்கள் என்று வீட்டில் சும்மா கிடந்தவற்றை விற்று வருகிறேன். புதிதாக விற்க வருகிற பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைப் பற்றி அல்ல. “யாருக்கும் தெரியாமல் அனுப்ப முடியுமா?” என்றுதான் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குகிறவருக்கும் மானம் உண்டு

விற்கிறவருக்கு மட்டும்தான் கூச்சம் என்று நினைக்க வேண்டாம். நாட்டிய உடை ஒன்றுக்குப் பணம் அனுப்பிய கூலிம் தாய் ஒருவர் எனக்கு இப்படிக் குரல் செய்தி அனுப்பினார்: “அக்கா, கவருக்கு வெளியே எதுவும் எழுதிடாதீங்க. பிள்ளை மேடை ஏறப் போறா. பக்கத்து வீட்டுல பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவ மனசு உடைஞ்சு போயிடும்.”

அந்தப் பயம் நியாயமானது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பிரித்துக் கொடுப்பதற்குள், யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது லயம் முழுக்கத் தெரிந்துவிடும். இன்றும் பல தோட்ட வீடுகளுக்குத் தனி எண் கிடையாது. கூரியர் இளைஞர் பார்சலைக் காவலாளியிடமோ மளிகைக் கடையிலோ வைத்துவிட்டுப் போகிறார். உரியவர் வேலை முடிந்து வந்து எடுக்கும்வரை, பெட்டியின் மேல் இருப்பதை நாலு பேர் படிப்பார்கள். அதனால் மேலே என்ன இருக்கிறது என்பதில்தான் நம் கவனம் வேண்டும்.

பெட்டி பேசக் கூடாது

புதுப் பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டியே போதும். ஆனால் குழந்தை டயப்பர் பெட்டியிலோ பால்மாவுப் பெட்டியிலோ அப்படியே போட்டு அனுப்பாதீர்கள். ஒட்டிய ஓரத்தை மெல்லப் பிரித்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி ஒட்டினால் வெறும் பழுப்பு அட்டை மட்டும் வெளியே தெரியும். துணிமணிக்குப் பெட்டியே வேண்டாம். ஒளி ஊடுருவாத சாம்பல் அல்லது கறுப்பு நிறக் கூரியர் பை போதும்.

துணியை முதலில் ஒரு நெகிழிப் பையில் போட்டு வாயை ஒட்டுங்கள். கூரியர் மோட்டார் சைக்கிளில் போகிறது. நம் ஊர் மழை சொல்லிவிட்டு வராது. பட்டையும் சரிகையையும் பழைய பருத்தித் துணியில் சுற்றிய பிறகே நெகிழிப் பைக்குள் வையுங்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தாளைப் படித்து முடித்ததும் வேறு எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், வெளிர்நிறத் துணியை மட்டும் இதில் சுற்றாதீர்கள். அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியை ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் உள்ளே பொருள் உருள்கிறது, உடையவும் வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். கசக்கிய தாளையோ பழைய துணியையோ நான்கு மூலைகளிலும் திணியுங்கள்.

பெரிய பெட்டியில் சின்னப் பொருளை வைத்தால் யாரும் ஊகிக்க முடியாதுதான். ஆனால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டிவரும். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 அல்லது 6000 ஆல் வகுக்கிறார்கள். வரும் எண் உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியை 5000 ஆல் வகுத்தால் 4.8 கிலோ. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ உடையாக இருந்தாலும் 4.8 கிலோவுக்கு உரிய காசைக் கேட்பார்கள்.

சீட்டில் எவ்வளவு சொல்வது?

வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். தோட்ட முகவரி என்றால் எத்தனையாவது பிரிவு என்று கேட்டு எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பிரிவுகள் உள்ள தோட்டங்கள் கெடாவில் உண்டு. பீடோங் ஹார்வர்டு தோட்டமே அதற்குச் சான்று. அஞ்சல் குறியீட்டையும் சரிபாருங்கள். சுங்கைப்பட்டாணிக்கு 08000, பீடோங்கிற்கு 08100, கூலிமுக்கு 09000, பாலிங்கிற்கு 09100.

அனுப்புநர் இடத்தில் பொய் முகவரி எழுதினால் திரும்பி வரும் பொருள் உங்களிடம் வந்து சேராது. முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் போதும். வீட்டு முகவரி தர விருப்பமில்லையா? நகரத்தில் கடை வைத்திருக்கும் உறவினரின் சம்மதத்தோடு அந்த முகவரியைக் கொடுங்கள். பெண்கள் விற்பனைக்கென்று தனியாக ஒரு ப்ரீபெய்ட் எண் வைத்துக்கொள்வது நல்லது. சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரவில் அழைத்துத் தொல்லை கொடுத்தவர்களை நானும் சமாளித்திருக்கிறேன்.

உள்ளடக்கம் என்ற இடத்தில் ‘உடை’, ‘புத்தகம்’, ‘பாத்திரம்’ என்று பொதுவாக எழுதினால் போதும். ‘பழையது’ என்று சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் பொய் எழுதக் கூடாது. பவர் பேங்க், வாசனைத் திரவியம், லைட்டர் போன்றவற்றைத் துணி என்று எழுதி அனுப்புவது ஆபத்து. சபா, சரவாக்கிற்குப் போகும் பார்சல் விமானத்தில் ஏறக்கூடும். நம் ரகசியம் மற்றவர் உயிரோடு விளையாடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. புதிதாக விற்பவர்கள் பார்சல்களை வரிசையாக அடுக்கி, ‘இன்று அனுப்பியவை’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுகிறார்கள். சீட்டில் உள்ள பெயரும் முகவரியும் அதில் பளிச்சென்று தெரிகின்றன. பெட்டியைப் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டு இப்படிச் செய்தால் என்ன பயன்? வணிகத்தில் பெறும் பிறருடைய விவரங்களைக் காக்க 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்பி வாங்கியவருக்குச் செய்கிற துரோகம்தான்.

வாங்குபவரிடம் ஒளிவுமறைவு வேண்டாம்

ஊருக்குத் தெரியாமல் கட்டும் பார்சல் வாங்குபவருக்குத் திறந்த புத்தகமாக இருக்க வேண்டும். கிழிசல், கறை, அறுந்த கொக்கி எல்லாவற்றையும் படம் எடுத்துப் பணம் வாங்குவதற்கு முன்பே காட்டுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அந்துருண்டை வாசம் போக ஒருநாள் காற்றாட விடுங்கள். கட்டும்போது ஒரு காணொளி எடுத்து வைத்தால் பின்னால் தகராறு வராது.

உங்கள் சொந்த ரகசியமும் பொருளோடு போய்விடக் கூடாது. கைப்பையின் உள்ஜிப், சட்டைப் பை, புத்தகத்தின் நடுப்பக்கம் ஆகியவற்றைத் துழாவிப் பாருங்கள். அடகுச் சீட்டு, மருத்துவமனை அட்டை, பழைய படங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். கைப்பேசியை விற்பதாக இருந்தால் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, முழுவதையும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். படங்களை மட்டும் அழித்தால் போதாது.

பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள்; வாங்குபவர் அனுப்பும் ரசீதுப் படத்தை நம்பாதீர்கள். ‘கூரியர் கட்டணம் பெற இந்த இணைப்பைத் தட்டுங்கள்’ என்று வந்தால் தொடவே வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அனுப்பும் நாளையும் கவனியுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை அஞ்சலகம் மூடியிருக்கும். ஞாயிறு நமக்கு வேலை நாள், கோலாலம்பூருக்கு விடுமுறை. இதை வெளியூர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்குப் போக வேண்டிய பார்சலை ஞாயிறு, திங்களில் அனுப்பினால் கடையில் நாள்கணக்கில் கிடக்காது.

வீட்டில் கிடப்பதை எப்போதாவது விற்பது வேறு, வாங்கி வாங்கி விற்பது வேறு. இரண்டாவது வியாபாரம். அதற்கு எஸ்.எஸ்.எம். பதிவு வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. இணைய வணிகர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரங்களை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த நிலைக்கு வளர்ந்தவர்கள் முதலெழுத்துக்குள் ஒளிந்திருக்க முடியாது. ஒளியவும் தேவை இருக்காது.

பழைய பொருளை விற்பதில் இழிவில்லை, வாங்குவதிலும் இல்லை. ஆனால் ஊர் வாய் அடங்கும்வரை நம் பிள்ளைகளையும் வாங்குபவரின் பிள்ளைகளையும் காக்க வேண்டியது நம் பொறுப்பு. கூலிம் தாயின் மகள் மேடை ஏறிய படம் பிறகு எனக்கு வந்தது. அந்த உடையை ஒருமுறை வேறொருத்தி அணிந்திருந்தாள் என்று சபையில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.