பெயர் சொல்லும் செங்கல்!

சீனாவில், யாங்சி ஆற்றங்கரையில் நான்ஜிங் என்ற பெரிய நகரம் இருக்கிறது. ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து சக்கரவர்த்தி ஆனவர் சூ யுவான்சாங். இந்த நகரைச் சுற்றிக் கோட்டை மதில் எழுப்பியவர் அவர்தான்.

1366-ம் ஆண்டு வேலை தொடங்கியது. முடிய 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மதிலின் நீளம் சுமார் 35 கிலோ மீட்டர்!

யார் அறுத்த கல்?

இதற்காகப் பல ஊர்களில் சூளை போட்டார்கள். செங்கற்கள் படகில் ஏறி ஆற்று வழியே வந்து சேர்ந்தன.

கல் மட்டமாக இருந்தால் யாரைப் பிடிப்பது? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். ஊரின் பெயர், அதிகாரியின் பெயர், சூளைக்காரர் பெயர், கல் அறுத்த தொழிலாளியின் பெயர் எல்லாவற்றையும் செங்கல்லிலேயே பொறிக்கச் செய்தார்கள். யாரும் தப்ப முடியாது!

27 குகை அறைகள்

தெற்கே இருக்கும் சோங்குவா வாசலைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாசல்கள். படைவீரர்கள் மறைந்திருக்க 27 குகை அறைகள்!

இத்தனை இருந்தும், 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை பீரங்கியால் மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. அப்பாவி மக்களைக் கொன்று குவித்தது. 1950-களில் மதிலின் சில பகுதிகளை இடித்தும்விட்டார்கள்.

எஞ்சி நிற்பது சுமார் 25 கிலோ மீட்டர். அதில் ஏறி நடக்கலாம். செங்கல்லில் உள்ள பெயர்களைத் தடவிப் பார்க்கலாம்.

தவறு செய்தவனைப் பிடிக்கப் பொறித்த பெயர்கள் அவை. இன்றோ, 600 ஆண்டுகளுக்கு முன் உழைத்த ஏழைகளுக்கு அவையே கல்வெட்டு!