பதனிடப்பட்ட உடலும் மறைந்துபோகும் சாட்சியமும்

தொழில் நிமித்தம் வெளிநாடு சென்ற ஒருவர் அங்கு உயிரிழந்துவிட்டார் என்ற செய்தி கிடைத்த பின்னர், கட்டுநாயக்க விமான நிலையத்திற்கு அவரது உடல் வந்து சேரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்த குடும்பங்கள் எமது நாட்டில் ஏராளம். அந்தப் பெட்டியுடன் வரும் ஆவணங்களில் மரணச் சான்றிதழோடு இன்னொரு தாளும் இருக்கும். உடல் பதனிடப்பட்டது என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் அது. துயரத்தில் மூழ்கியிருக்கும் உறவினர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் பேச்சுவழக்கில் 'எம்பாம் பண்ணுதல்' எனப்படும் அச்செயல் எதனைக் காக்கிறது, எதனை அழிக்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

மரணம் நிகழ்ந்ததும் உடலில் சில மாற்றங்கள் ஒழுங்கு முறையில் தோன்றுகின்றன. குருதியோட்டம் நின்றுவிடுவதால் குருதி புவியீர்ப்பினால் உடலின் கீழ்ப்பகுதியில் தேங்கி, தோலில் கருஞ்சிவப்பு நிறம் படர்கிறது. உடல் வெப்பம் படிப்படியாகச் சூழலின் வெப்பநிலையை நோக்கிச் செல்கிறது. இரண்டு முதல் நான்கு மணித்தியாலங்களில் தாடை, கழுத்துப் பகுதிகளில் ஆரம்பிக்கும் மரண விறைப்பு ஏறத்தாழ 12 மணித்தியாலங்களில் உடல் முழுவதும் பரவி, பின்னர் தளர்ந்துவிடுகிறது. எம்முடையதைப் போன்ற வெப்பமான நாடுகளில் இவ்விறைப்பு தோன்றுவதும் தளர்வதும் மேலும் விரைவாக நிகழ்கின்றன. இதற்கிடையில் கலங்களிலுள்ள நொதியங்கள் அக்கலங்களையே சிதைக்கத் தொடங்குகின்றன. இது தற்சிதைவு எனப்படும். குடலிலுள்ள பற்றீரியாக்கள் பெருகி ஏனைய உறுப்புகளுக்குப் பரவும்போது அழுகல் ஆரம்பமாகிறது.

இச்சிதைவைத் தாமதப்படுத்த இரு வழிகள் உள்ளன. ஒன்று குளிரூட்டல். வைத்தியசாலைப் பிரேத அறைகளில் ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உடலை வைப்பதன் மூலம் பற்றீரியாக்களின் பெருக்கம் மந்தமாக்கப்படுகிறது. இதில் உடலுக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை. மற்றையது இரசாயனப் பதனிடல். இதற்குப் பெரிதும் பயன்படுவது போர்மலின் ஆகும். நீரில் ஏறத்தாழ 37 சதவீத போர்மல்டிஹைட் கரைந்த இத்திரவம், வேறு இரசாயனங்களுடன் கலந்து ஐதாக்கப்பட்டே உபயோகிக்கப்படுகிறது. போர்மல்டிஹைட் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இழையங்களை இறுகச் செய்வதால், நொதியங்களும் பற்றீரியாக்களும் செயலிழக்கின்றன.

செய்முறையில் இரு கட்டங்கள் உண்டு. முதலாவது நாடிவழிப் பதனிடல். கழுத்திலோ தொடையின் மேற்பகுதியிலோ சிறு வெட்டொன்றை இட்டு, நாடியொன்றினூடாகத் திரவம் செலுத்தப்படும். அதற்கு அருகிலுள்ள நாளத்தின் வழியாகக் குருதி வெளியேற்றப்படும். இரண்டாவது உடற்குழிப் பதனிடல். ட்ரோகார் எனப்படும் கூரிய நீண்ட குழாயை வயிற்றின் ஊடாகச் செலுத்தி, உள்ளுறுப்புகளில் உள்ள திரவங்களும் வாயுக்களும் உறிஞ்சி அகற்றப்பட்டு, அவ்விடத்தில் செறிவான இரசாயனம் இடப்படும். இவ்வாறு பதனிடப்பட்ட உடல் அழியாதது என எண்ணுவது தவறாகும். இறுதிக் கிரியைகள் வரையான கால அவகாசத்தைப் பெற்றுக்கொள்வதே இதன் நோக்கம்.

பண்டைய எகிப்தியர் நேற்றன் எனும் உப்பினால் உடலை உலர்த்திப் பாதுகாத்தனர். நவீன முறை பரவலானது 1861 முதல் 1865 வரை நீடித்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதாகும். போர்க்களத்தில் மாண்டவர்களைத் தொலைவிலிருந்த சொந்த ஊருக்கு அனுப்ப வேண்டிய தேவையே அதற்குக் காரணம். அக்காலத்துத் திரவங்களில் நச்சுத்தன்மை மிக்க ஆசனிக்கும் கலக்கப்பட்டது. பிற்காலத்திலேயே போர்மல்டிஹைட் அதன் இடத்தைப் பிடித்தது. தொலைதூரத்தில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவருதல் என்ற அதே தேவைதான் இன்று எமது மக்களையும் இதனுடன் பிணைத்துள்ளது.

எனினும் பதனிடலுக்கு மறுபக்கமும் உண்டு. அது உடலில் உள்ள சாட்சியங்களைக் குழப்பிவிடுகிறது. குருதி அகற்றப்பட்டு இரசாயனம் கலக்கப்படுவதால், சயனைட் உள்ளிட்ட சில நஞ்சுகளைக் கண்டறிவது கடினமாகிறது. பதனிடும் திரவங்கள் பலவற்றில் மெதனோல் அடங்கியிருப்பதால் மதுசாரம் பற்றிய பரிசோதனையும் நம்பகத்தன்மையை இழக்கிறது. ட்ரோகார் ஏற்படுத்தும் துளை குத்துக்காயத்தைப் போன்று தோன்றலாம். உண்மையான காயமொன்றின் ஊடாகவும் அது சென்றிருக்கலாம். உடலைக் கழுவும்போது தோலிலிருந்த தடயங்கள் நீங்கிவிடுகின்றன.

ஆனாலும், பதனிடப்பட்ட உடலைப் பரிசோதிப்பது வீண் எனக் கருதிவிடக் கூடாது. எலும்பு முறிவுகள், ஆழமான காயங்கள், இருதய நோயின் அடையாளங்கள் போன்றவை பெரும்பாலும் எஞ்சியிருக்கும். எனவே, மரணத்தில் சந்தேகம் கொள்ளும் குடும்பத்தினர் உடலை அடக்கம் செய்வதற்கோ தகனம் செய்வதற்கோ முன்னரே அதனைப் பொலிஸாருக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். இறந்த நாட்டில் பிரேத பரிசோதனை நடந்ததா, அது பதனிடலுக்கு முன்னரா பின்னரா, அறிக்கையின் பிரதி எங்கே என்பவற்றை எமது தூதரகம் ஊடாகவோ வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு ஊடாகவோ கேட்டறிய வேண்டும். இயலுமாயின் உடல் பதனிடப்படுவதற்கு முன்னரே இக்கேள்விகளை எழுப்புவது சாலச் சிறந்தது.

உள்நாட்டிலும் இதே நியதியே பொருந்தும். திடீர் மரணங்கள், சந்தேகத்துக்கிடமான மரணங்கள் குறித்து விசாரணை நடத்துவதற்கு 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வழிசெய்கிறது. கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ பிள்ளைகள் வந்துசேரும் வரை உடலை வைத்திருக்க விரும்பும் குடும்பங்கள், மரண விசாரணை முடிவடைவதற்கு முன்னர் மலர்ச்சாலையிடம் உடலைப் பதனிடக் கொடுப்பது நல்லதல்ல. அதுவரை குளிரூட்டலே பாதுகாப்பானது.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை, ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தாமதமின்றி நல்லடக்கம் செய்வதே மரபு. ஆதலால் விமானப் பயணம் போன்ற நிர்ப்பந்தம் இல்லாதபோது பதனிடலுக்குத் தேவை எழுவதில்லை. இறந்த உடல் குறித்த விஞ்ஞானம் சரியாக விளங்கிக்கொள்ளப்படாவிடின் எத்தகைய காயம் ஏற்படும் என்பதற்கு அண்மைய வரலாறே சாட்சி. கொவிட் தொற்றினால் இறந்தோரை அடக்கமும் செய்யலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலாக இருந்தும், 2020 ஏப்ரல் மாத வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்கிடையில் தகனம் செய்யப்பட்டோரின் குடும்பங்கள் இழந்ததை எந்த வர்த்தமானியாலும் ஈடுசெய்ய முடியாது.

இப்பணியைச் செய்வோரின் நலனும் மறக்கப்படலாகாது. போர்மல்டிஹைட் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பதார்த்தம் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. காற்றோட்டமுள்ள அறை, கையுறை, முகக்கவசம் என்பன அவர்களுக்கு ஆடம்பரங்கள் அல்ல.

இறந்தவரால் பேச முடியாது. அவருக்கு நேர்ந்ததை அவரது உடல் மட்டுமே கூறும். அவ்வுடல் இரசாயனத்தால் மௌனமாக்கப்படுவதற்கு முன்னர் உரிய கேள்விகளைக் கேட்பது உயிரோடிருப்பவர்களின் கடமை என்பதே எமது நிலைப்பாடாகும்.