மண் தோண்டிய ஊர்கள் – 9: ஏற்காட்டில் இரண்டு ராத்திரி

போன வாரம் கோலார் தங்கவயலில் இருந்தோம். 2001-ல் சுரங்கத்தைப் பூட்டியதோடு பிழைப்பும் போன ஊர் அது. இந்த வாரம் மலையேறுகிறோம். ஏற்காட்டுக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அடிவாரத்தில் வெள்ளைக்கல், உச்சியில் சிவப்புக்கல் என்று சேர்வராயன் மலையை இரண்டு முனையிலும் தோண்டியிருக்கிறார்கள். நடுவில்தான் காப்பித் தோட்டமும் நம் சுற்றுலாவும்.

வழக்கமான ஏற்காடு டூர் எல்லோருக்கும் மனப்பாடம். காலையில் ஏறி, ஏரியில் படகு விட்டு, அண்ணா பூங்காவில் போட்டோ எடுத்து, லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது. ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பட்டம் வேறு. ஊட்டியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது தனி மலை. இரண்டு ராத்திரி தங்கினால்தான் பிடிபடும்.

திட்டத்தை ரயிலிலிருந்தே தொடங்கலாம். சென்னையிலிருந்து போகிறவர்கள் பேரைப் பார்த்ததும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவார்கள். படுத்துத் தூங்கிப் போக நல்ல வண்டி. ஆனால் சேலத்தை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. காலையில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் என்றால் பகலிலேயே போய்ச் சேரலாம். சேலம் ஜங்ஷனுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். பெயர்ப் பலகையைப் படியுங்கள்: மேக்னசைட் ஜங்ஷன். ஒரு தாதுவின் பேரையே வைத்துக்கொண்ட ரயில் நிலையம்! அந்தப் பக்கத்துக் குன்றுகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் சாக் ஹில்ஸ். பார்வைக்குச் சுண்ணாம்பு மாதிரி இருந்தாலும் அது மக்னீசியம் கார்பனேட். கறுத்த பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடுகிறது. வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டால் உருக்காலை உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள். இரும்பு உருகும் சூட்டிலும் அது அசையாது. 1979-ல் தமிழக அரசு இதற்கென்றே தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது.

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் கிடைக்கும். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல்காரர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சாலைக்காக வெட்டிய பாறை முகத்தைக் கவனியுங்கள். வெளியே வெங்காயச் சருகுபோல உரிந்து பழுப்பேறியிருக்கும். புதிதாக உடைந்த இடத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் எண்ணெய் பூசினாற்போல மினுங்கும். இதுதான் சார்னகைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லும் இதே வகைதான் என்பதால், 1890-களில் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்கு சார்னக்கின் பேரையே வைத்துவிட்டார்.

தங்குவதற்கு ஏரியைச் சுற்றி விடுதிகள் நிறைய. அரசு நடத்தும் ஹோட்டல் தமிழ்நாடும் அங்கேதான். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது வசதி. எனக்குப் பிடித்தது நாகலூர் பக்கத்துத் தோட்டத்து வீடுகள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச்செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இருட்டிய பிறகு அங்கே கடை தேடி அலைய முடியாது.

எப்போது போவது? மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி. அறை வாடகை ஏறிவிடும், வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். கூட்டம் ரசிப்பவர்கள் போகலாம். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் போதும், காப்பி பூத்துத் தோட்டமே மல்லிகை வாசம் அடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது.

இரண்டாம் நாளை உச்சிக்கு ஒதுக்குங்கள். சேர்வராயன் கோயில் இருப்பது 5,326 அடியில். கூர்மையான சிகரம் இல்லை; மேசைபோல் சமமான புல்வெளி. குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள்.

அந்தச் சமதளத்துக்கு அடியில்தான் பாக்சைட். லட்சக்கணக்கான வருஷம் மழை கழுவிக் கழுவி மற்றதெல்லாம் கரைந்துபோக, அலுமினியமும் இரும்பும் தங்கிய மண். அதனால்தான் அந்தச் சிவப்பு. செருப்பில் ஒட்டினால் லேசில் போகாது. 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் தாது போனது. ஏறக்குறைய நாலு டன் பாக்சைட்டுக்கு ஒரு டன் அலுமினியம். அந்த ஒரு டன்னுக்குப் பதினாலாயிரம் யூனிட்டுக்குக் குறையாத மின்சாரம். அணைக்கட்டு மின்சாரம் பக்கத்திலேயே இருந்ததால்தான் ஆலை மேட்டூரில் அமைந்தது. 2008-ல் அலுமினிய உற்பத்தி நின்றது. லாரிகள் போய்விட்டன. மேல்மண்ணை வழித்தெடுத்த மலை அவ்வளவு சீக்கிரம் புல் போர்த்திக்கொள்ளாது. நம் வீட்டு இட்லிப் பானைக்கு இந்த மலை கொடுத்த விலை என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியொன்றும் மிகையில்லை. தோண்டிய பள்ளம் கண்ணில் பட்டால் சாலையிலிருந்தே பாருங்கள்; விளிம்பு வரை போவது ஆபத்து.

இறங்கும்போது குப்பனூர் வழியைக் கேட்டுப் பாருங்கள். கூட்டம் குறைவு. சேலத்தில் அரை நாள் மிச்சம் இருந்தால் தாது போன பாதையிலேயே மேட்டூருக்குப் போகலாம். 1934-ல் கட்டி முடித்த அணை, பக்கத்திலேயே பூங்கா, எதிரே வரிசையாக மீன் வறுவல் கடைகள். விலையை மட்டும் மீன் எண்ணெயில் விழுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: நெய்வேலி)