கப்பல் ஏற நினைக்கும் எல்லைத் தமிழ்க் குடும்பம்: தில்லியின் இலக்கும் கொழிஞ்சாம்பாறையின் கணக்கும்

புது தில்லி: கடல்வழி சொகுசுக் கப்பல்களில் பயணம் செய்வோரின் எண்ணிக்கையை 2029-ம் ஆண்டுக்குள் 10 லட்சமாக, அதாவது இருமடங்காக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. இதற்கான "குரூஸ் பாரத்' திட்டத்தை 2024 செப்டம்பர் 30-ம் தேதி மும்பையில் மத்திய கப்பல் துறை அமைச்சர் சர்வானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். 10 கடல்வழிப் பயணிகள் முனையங்கள், 100 நதிவழி முனையங்கள், 4 லட்சம் வேலைவாய்ப்புகள் எனப் புள்ளிவிவரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அந்த 10 லட்சம் பேரில் நடுத்தர வருவாய் உள்ள, மூன்று நான்கு குழந்தைகளைக் கொண்ட ஒரு குடும்பத்துக்கு இடம் உண்டா என்பதற்கு மட்டும் திட்டத்தில் விடை இல்லை.

பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இருந்து பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். கேரளத்துக்குள் இருந்தாலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் பகுதி இது. பாலக்காடு - பொள்ளாச்சி சாலையில், தமிழக எல்லைக்கு மிக அருகே உள்ளது. கேரளத்தின் பிற பகுதிகளைப்போல மழை கொட்டும் மண் அல்ல. கள் இறக்கும் தென்னந்தோப்புகளும் வறண்ட காடுகளும் கலந்த இப்பகுதி, 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின் தண்ணீரை ஆண்டுதோறும் எதிர்பார்த்துக் காத்திருக்கும். தண்ணீருக்காக இரு மாநிலங்களும் வாதிடும் இடத்தில் இருப்பவர்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட நினைப்பதில் வியப்பில்லை. கொச்சித் துறைமுகம் இங்கிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவுதான்.

கொச்சியில் முனையத்துக்குக் குறைவில்லை. ரூ. 25.72 கோடியில் கட்டப்பட்ட "சாகரிகா' பன்னாட்டுச் சொகுசுக் கப்பல் முனையத்தை 2021 பிப்ரவரி 14-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். வெளிநாட்டுக் கப்பல்கள் வருகின்றன. பயணிகள் இறங்கி மட்டாஞ்சேரியையும் கோட்டைக் கொச்சியையும் பார்த்துவிட்டு மீண்டும் ஏறிச் செல்கின்றனர். உள்ளூர்க்காரர் ஏறுவதற்கான கப்பல் என்பது வேறு விஷயம்.

வந்ததும் போனதும்: தென்னிந்தியத் துறைமுகங்களில் இருந்து பயணிகள் கப்பலை நிரந்தரமாக இயக்கும் முயற்சிகளின் வரலாறு உற்சாகம் தருவதாக இல்லை. 2008-ல் சொகுசுக் கப்பல் கொள்கைக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல்களும் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச்செல்ல 2009-ல் விதி தளர்த்தப்பட்டது. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு இடையே "ஸ்காட்டியா பிரின்ஸ்' கப்பலை அப்போதைய கப்பல் துறை அமைச்சர் ஜி.கே. வாசன் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு நவம்பரில் அது நின்றது.

அடுத்த சுற்றில் "எம்பிரஸ்' வந்தது. 1990-ல் கட்டப்பட்ட இக் கப்பலை "கார்டீலியா' நிறுவனம் 2021 முதல் இந்தியாவில் இயக்கியது, ரயில்வே துறையின் ஐஆர்சிடிசி அதற்கு முன்பதிவு செய்தது. 2022 ஜூனில் சென்னையில் இருந்து புறப்பட்ட பயணத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஆனால் அதே மாதம் புதுச்சேரிக் கரையை நெருங்கிய கப்பலுக்கு, சூதாட்டம் குறித்த எதிர்ப்பின் காரணமாக அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூன் 5-ல் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை செல்லும் பயணத்தை சோனோவால் தொடங்கிவைத்தார். போர் முடிந்து 14 ஆண்டுகளுக்குப் பின் காங்கேசன்துறையில் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் சொகுசுக் கப்பலில் இருந்து இறங்கினர் என்பது அரசியலிலும் ஒரு செய்திதான்.

வரிச் சலுகையிலும் குறை வைக்கவில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில், உள்நாட்டில் சொகுசுக் கப்பல் இயக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எளிய வரிமுறையை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அவற்றின் வருவாயில் 20 சதம் மட்டுமே லாபமாகக் கருதப்படும். கப்பல் நடத்துபவருக்குச் சலுகை உண்டு. கப்பலில் ஏறும் குடும்பம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்கினால், 2023 அக்டோபர் முதல் ரூ. 7 லட்சம் வரை 5 சதமும் அதற்கு மேல் 20 சதமும் முன்வரியாகப் பிடிக்கப்பட்டது. இதை 2 சதமாகக் குறைக்கும் அறிவிப்பு 2026 பட்ஜெட்டில்தான் வந்தது.

ஆறு பேரின் கணக்கு: கணவன், மனைவி, நான்கு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கப்பல் நிறுவனங்கள் இருவர் தங்கும் அறையை அடிப்படையாக வைத்தே தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் சொல்கின்றன. அதே அறையில் மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் குறையும். ஆனால் சாதாரண அறையில் நான்கு பேருக்கு மேல் அனுமதி இல்லை. எனவே ஆறு பேர் என்றாலே இரண்டு அறைகள். பெற்றோர் பிரிந்து, ஆளுக்கு ஓர் அறையில் இரண்டிரண்டு குழந்தைகளுடன் தங்க வேண்டியிருக்கும். பாட்டி உடன் வந்தால் கணக்கு மேலும் மாறும். விளம்பரத்தில் காணும் தொகையுடன் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவையும் சேரும் என்பதைப் பலர் பணம் கட்டும் நேரத்தில்தான் அறிகின்றனர்.

இலங்கைக்குச் செல்லும் கப்பல் என்றால் ஆறு கடவுச்சீட்டுகள் வேண்டும். பெரியவர்களுக்குத் தலா ரூ. 1,500, சிறார்களுக்குத் தலா ரூ. 1,000 என அதற்கே ரூ. 7,000 ஆகும். 8 வயதுக்கு உள்பட்டோருக்கு 10 சதம் தள்ளுபடி உண்டு. சிறுவர்களின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளுக்கோ 18 வயது நிறையும் வரையிலோ, எது முன்னதோ அதுவரை மட்டுமே செல்லும். பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை. தந்தை வளைகுடா நாட்டில் வேலை செய்யும் குடும்பங்கள் பாலக்காடு மாவட்டத்தில் ஏராளம் என்பதால், இந்தக் கையெழுத்தை விடுமுறைக்குச் சில மாதங்கள் முன்பே வாங்கிவைப்பது நல்லது. கைக்குழந்தை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆறு மாதம் நிறையாத குழந்தையையும் கர்ப்பம் 24 வாரத்தைக் கடந்த பெண்ணையும் பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் ஏற்றுவதில்லை.

நாள் குறிப்பதிலும் சிக்கல் உண்டு. கேரளத்தில் மார்ச் இறுதியில் மூடப்படும் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. மே மாத நடுவிலேயே அரபிக்கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடுகிறது. செப்டம்பர் நடு வரை அப்படித்தான். ஆக, மேற்குக் கடலில் போவதாக இருந்தால் ஏப்ரலும் மே முதல் இரு வாரங்களும்தான் கணக்கு. தைப்பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட 6 எல்லை மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை அளிக்கிறது. அது ஒரு நாள்தான். பொள்ளாச்சியிலும் கோவையிலும் உள்ள உறவினர் பிள்ளைகளுக்கு அப்போது நீண்ட விடுமுறை இருக்கும். இரு மாநில நாட்காட்டிகளுக்கு இடையில் சிக்கிக்கொள்வது எல்லைக் குடும்பங்களுக்குப் பழக்கமான ஒன்று.

லட்சத்தீவு வழி: கடவுச்சீட்டு தேவைப்படாத, ஓரளவு கட்டுப்படியாகும் கடல் பயணம் ஒன்று கொச்சியில் இருந்து உண்டு. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான "ஸ்போர்ட்ஸ்' நடத்தும் "சமுத்ரம்' ஐந்து நாள் தொகுப்பு அது. 700 பேர் செல்லும் "எம்.வி. கவரத்தி' கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைப் பகலில் பார்த்துவிட்டு இரவில் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். தீவுவாசி அல்லாத எவருக்கும், அவர் இந்தியரே ஆனாலும், 1967-ம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி அவசியம். குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை.

இங்குதான் தில்லி கவனிக்கத் தவறும் ஒரு பிரச்னை இருக்கிறது. லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் 10. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. விமான ஓடுதளம் இருப்பது அகத்தியில் மட்டுமே. மேல்சிகிச்சைக்கும் மேல்படிப்புக்கும் கொச்சிக்கு வரும் தீவுவாசிக்குக் கப்பல்தான் பேருந்து. கொழும்பு கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட 250 பேர், 400 பேர் செல்லும் கப்பல்களும் இச் சேவைக்காகவே வாங்கப்பட்டன. பழுதுபார்ப்புக்காகக் கப்பல்கள் ஒதுக்கப்படும்போதெல்லாம் பயணச்சீட்டு கிடைக்காமல் தீவுவாசிகள் தவிப்பதும், அது மக்களவையில் எழுப்பப்படுவதும் தொடர்கின்றன. 2021 டிசம்பர் 1-ம் தேதி "எம்.வி. கவரத்தி'யின் இயந்திர அறையில் தீப்பிடித்தபோது அதில் 600-க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர். எவருக்கும் ஆபத்து நேரவில்லை. கடலோரக் காவல் படை உதவிக்கு விரைந்தது.

2024 ஜனவரியில் பிரதமரின் லட்சத்தீவுப் பயணப் படங்கள் வெளியானதும் அங்கு செல்ல விரும்புவோரின் எண்ணிக்கை திடீரெனப் பெருகியது. அடுத்த மாதமே இடைக்கால பட்ஜெட்டில் தீவுகளின் துறைமுக வசதி, சுற்றுலாக் கட்டமைப்பு குறித்த அறிவிப்பு இடம்பெற்றது. சுற்றுலாப் பயணிக்கான படுக்கை கூடும்போது, நோயாளிக்கான படுக்கை குறையாது என்ற உறுதி அந்த அறிவிப்பில் இல்லை.

ஒரு நாள் கடல்: ஐந்து நாள் செலவு முடியாதவர்களுக்கு, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் வேறொரு வழியைத் திறந்திருக்கிறது. 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட அதன் சிக்கனச் சுற்றுலாப் பிரிவு, பாலக்காடு உள்ளிட்ட பணிமனைகளில் இருந்து பேருந்தில் அழைத்துச்சென்று கொச்சியில் "நெஃபர்டிட்டி' கப்பலில் ஏற்றுகிறது. எகிப்திய அரசியின் பெயர் கொண்ட இது, மாநில அரசின் கப்பல் மற்றும் உள்நாட்டு நீர்வழிக் கழகத்துக்குச் சொந்தமானது. 200 பேர் செல்லலாம். உணவகம், சிறிய திரையரங்கு, குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் உண்டு. சில மணி நேரம் கடலுக்குள் சென்று திரும்பும். காலையில் கிளம்பி இரவில் வீடு திரும்பிவிடலாம் என்பதால் அறை வாடகை என்ற பேச்சே இல்லை. அதற்கும் பணம் போதாதென்றால், 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ இருக்கிறது. ரூ. 20-லிருந்து தொடங்கும் கட்டணத்தில் குளிர்சாதனப் படகில் காயலைக் கடக்கலாம். குழந்தைகளைப் பொருத்தவரை அதுவும் கப்பல்தான்.

குழந்தைக்கு ஓர் அங்கி: பெற்றோர் கட்டணத்தை விசாரிக்கும் அக்கறையுடன் விசாரிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, கப்பலில் உள்ள பயணிகளின் எண்ணிக்கையில் குறைந்தது 10 சதம் அளவுக்கு, அல்லது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று வீதம், எது அதிகமோ அந்த அளவுக்குச் சிறார்களுக்கான உயிர்காப்பு அங்கிகள் இருக்க வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் "கோஸ்டா கன்கார்டியா' சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே தரப்படவில்லை. அதன் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி அளிப்பது 2015 முதல் கட்டாயமானது.

கடலில் விதி இவ்வளவு கடுமையாக இருக்க, காயலிலும் ஏரியிலும் கேரளத்தின் அனுபவம் வேதனையானது. 2007-ல் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் பலியாயினர். 2009 செப்டம்பர் 30-ல் இடுக்கி மாவட்டம் தேக்கடியில் மாநில சுற்றுலாக் கழகத்தின் "ஜலகன்யகா' கவிழ்ந்து, தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்பட 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7-ல் மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றி அமைத்த உல்லாசப் படகு அளவுக்கு மீறிய கூட்டத்துடன் இருட்டிய வேளையில் கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் 11 பேர். பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதைக் கழிக்க வந்தவர்கள் அவர்கள்.

1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தை நாடாளுமன்றம் 2021 ஆகஸ்டில் நிறைவேற்றி ஏறத்தாழ இரு ஆண்டுகள் ஆன நிலையில் தானூர் விபத்து நடந்தது. பதிவு, தகுதிச் சான்று, உயிர்காப்புக் கருவி எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. அதைச் செயல்படுத்துவது மாநில அரசின் பொறுப்பு. விபத்துக்குப் பின் தானாக வழக்கை எடுத்துக்கொண்ட கேரள உயர் நீதிமன்றம், எத்தனை பேரை ஏற்றலாம் என்பதைப் படகில் எழுதிவைக்க உத்தரவிட்டது. தேக்கடிக்கும் மூணாறு மாட்டுப்பட்டிக்கும் வரும் பயணிகளில் தமிழகத்தவர் எத்தனை பேர் என்பது கேரள சுற்றுலாத் துறைக்குத் தெரியாததல்ல. மொழிச் சிறுபான்மையினர் தமிழில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள 1969-ம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் தந்திருக்கும் மாநிலத்தில், அந்த எண்ணிக்கைப் பலகையைத் தமிழிலும் எழுதிவைக்கப் புதிய சட்டம் தேவைப்படாது.