பனி ஏரியில் ஒரு கூடாரம்: குளிரைத் தடுக்கலாம், காற்றைத் தடுக்கலாமா?



அண்மையில் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம் நடத்தும்போது ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினேன். உறைந்துபோன ஓர் ஏரி. அதன்மேல் ஒரு சிவப்புக் கூடாரம். உள்ளே ஒருவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, பனிக்கட்டியில் போட்ட துளைக்குள் தூண்டிலை இறக்கியிருக்கிறார். அருகில் ஒரு சிறிய எரிவாயு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கீழே பனிக்கட்டி, மேலே அடுப்பு. உருகி உள்ளே விழுந்துவிட மாட்டாரா?"

நல்ல கேள்விதான். ஆனால், அந்தக் கூடாரத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வாசனையும் கிடையாது. இரண்டையும் இன்று பார்ப்போம்.

மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?

அமெரிக்காவின் வடக்கே, கனடாவை ஒட்டியிருக்கிறது மினசோட்டா மாநிலம். அங்கே ஓடும் கார்களின் எண் பலகையிலேயே '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும். குளிர்காலத்தில் அந்த ஏரிகள் உறைந்துவிடும். 1996 பிப்ரவரி 2ஆம் நாள், டவர் என்ற ஊருக்கு அருகே வெப்பநிலை மைனஸ் 51 பாகை செல்சியஸ் வரை இறங்கியது.

இவ்வளவு குளிரிலும் ஏரி அடிவரை உறைவதில்லை. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். நீர் அப்படியன்று. 4 பாகையில்தான் அதன் அடர்த்தி மிக அதிகம். ஆகவே, 4 பாகை நீர் அடியில் தங்கிவிடுகிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து உறைகிறது. பனிக்கட்டி நீரைவிட இலேசானது என்பதால் மூடிபோல் மிதக்கிறது. அந்த மூடிக்குக் கீழே மீன்கள் வாழ்கின்றன. மூடிக்கு மேலே மனிதர்கள் தூண்டில் போடுகிறார்கள்.

இது புதிய பழக்கமும் அன்று. அப்பகுதியின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள், துளையின் மேல் போர்வையை மூடிப் படுத்துக்கொண்டு, மரத்தால் செதுக்கிய போலி மீனைக் காட்டி, வரும் மீனை ஈட்டியால் குத்திப் பிடித்தார்கள். போர்வை எதற்கு? உள்ளே இருட்டாக இருந்தால், பனிக்கட்டி வழியாக நீருக்குள் இறங்கும் வெளிச்சத்தில் துளை ஒரு சன்னல் போல ஒளிரும். மீன் தெளிவாகத் தெரியும். இன்றைய கூடாரங்களின் துணி கருமையான உட்புறம் கொண்டிருப்பதற்கும் இது ஒரு காரணம்.

முதலில் பனிக்கட்டி, பிறகு கூடாரம்

எவ்வளவு நல்ல கூடாரமாக இருந்தாலும் அது நிற்பது பனிக்கட்டியின்மேல்தான். தெளிவான, புதிய பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிப்பு இருந்தால்தான் நடந்து போகலாம் என்பது மினசோட்டாவில் சொல்லப்படும் விதி. வெண்மையான பனிக்கட்டிக்குள் காற்றுக் குமிழ்கள் இருக்கும். அதன் வலிமை பாதிதான். அதற்கு இரு மடங்கு தடிப்பு வேண்டும். ஒரே ஏரியில் ஓரிடத்தில் தடிப்பாகவும் இன்னோரிடத்தில் மெல்லியதாகவும் இருக்கலாம் என்பதால், போகப் போகத் துளையிட்டு அளந்துகொண்டே போவார்கள்.

எந்தக் கூடாரத்தை வாங்குவது?

எளிதில் தூக்கிச் செல்லும் கூடாரங்களில் இரண்டு வகை பரவலாக உண்டு.

முதலாவது, சறுக்குப் பலகை வகை. பொருள்களை வைத்து இழுத்துச் செல்லும் சறுக்குப் பெட்டியிலேயே இருக்கையும் கூடாரத் துணியும் பொருத்தப்பட்டிருக்கும். உட்கார்ந்து, துணியைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டால் கூடாரம் தயார். மீன் கடிக்காவிட்டால் உடனே மடக்கி வேறு துளைக்குப் போகலாம். அடிக்கடி இடம் மாறுபவருக்கு இது ஏற்றது. ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இடம் போதும்.

இரண்டாவது, குடை வகை. ஒவ்வொரு சுவரின் நடுவிலும் உள்ள மையத்தை வெளியே இழுத்தால், கம்பிகள் விறைத்து அறை போல நிற்கும். நான்கு பேர் நின்றுகொண்டே மீன் பிடிக்கலாம். குடும்பமாகப் போய் ஒரே இடத்தில் நாள் முழுவதும் இருப்பவர்களுக்கு இது நல்லது. ஆனால், பலத்த காற்றில் தனியாளாக நிறுத்துவது கடினம்.

அடுத்தது துணி. ஓரடுக்குத் துணி இலேசானது, விலையும் குறைவு. ஈரடுக்குத் துணியின் நடுவே பஞ்சு போன்ற இழை இருக்கும். வெப்பத்தைத் தடுப்பது அந்த இழையைவிட, அதற்குள் அசையாமல் சிக்கியிருக்கும் காற்றே. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் மீன் சந்தையில் பார்க்கும் வெள்ளை நிறப் பெட்டி வேலை செய்வதும் இப்படித்தான். அங்கே வெப்பம் உள்ளே வராமல் இருக்க. இங்கே வெப்பம் வெளியே போகாமல் இருக்க.

ஈரடுக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் மூச்சிலும் அடுப்பிலும் வரும் நீராவி, குளிர்ந்த ஓரடுக்குத் துணியில் பட்டு நீராகிச் சொட்டும். இல்லையேல் உறைந்து படியும். ஈரடுக்குத் துணியின் உட்பக்கம் அவ்வளவு குளிராது என்பதால் சொட்டுவது குறையும்.

காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

வெப்பநிலை மைனஸ் 15 பாகை, காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், நம் தோலுக்கு அது மைனஸ் 26 பாகை போல இருக்கும். உடலை ஒட்டியுள்ள வெதுவெதுப்பான காற்றை வீசும் காற்று அடித்துச் சென்றுவிடுவதே காரணம். அடுப்பே இல்லாத கூடாரமும் இந்த வேறுபாட்டை நீக்கிவிடுகிறது.

ஆனால், அதே காற்று கூடாரத்தையும் தள்ளும். நீளமும் உயரமும் 2 மீட்டர் கொண்ட சுவரில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று மோதினால், விசை ஏறத்தாழ 280 நியூட்டன். அதாவது 28 கிலோகிராம் பொருளைத் தூக்க வேண்டிய விசை. கூடாரத்தின் எடையோ 15 கிலோகிராம் அளவில்தான் இருக்கும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். பாசார் மாலாமில் திடீர்க் காற்று வீசும்போது கடைக்காரர்கள் கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

அதனால், குடை வகையை விரிப்பதற்கு முன்பே, காற்று வரும் பக்கத்து மூலையைப் பெரிய திருகாணியால் பனிக்கட்டியோடு பிணைத்துவிடுவார்கள். பிறகு மற்ற மூலைகள், கடைசியில் கயிறுகள். சுவரின் அடியில் தொங்கும் துணியின்மேல் பனித்தூளை வாரிப் போட்டால் கீழிருந்து காற்று நுழையாது.

சரி, பனிக்கட்டி உருகாதா?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை 0 பாகையில் நீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கூடாரத்தின் தரை 4 சதுர மீட்டர் என்போம். அதில் ஒரே ஒரு சென்டிமீட்டர் தடிப்பை உருக்க, 2.5 கிலோவாட் அடுப்பின் முழு வெப்பமும் தரைக்கே போனாலும், ஏறத்தாழ ஒரு மணி 20 நிமிடம் ஆகும். உண்மையில் சூடான காற்று மேலே எழுகிறது. பெரும்பகுதி வெப்பம் கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் போய்விடுகிறது. சனவரியில் அங்கே பல ஏரிகளில் பனிக்கட்டி 40 சென்டிமீட்டரையும் தாண்டிவிடும். ஆகவே தரை கொஞ்சம் ஈரமாகும். அடுப்பின் கால் புதையாமல் இருக்க ஒரு பலகை போதும். அவர் விழமாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

எரிபொருள் பெரும்பாலும் புரோப்பேன். நாம் வீட்டில் ஸ்டீம்போட் சமைக்கும் சிறிய அடுப்பின் குப்பியில் பெரும்பாலும் பியூட்டேன் இருக்கும். அது மைனஸ் 0.5 பாகைக்குக் கீழே ஆவியாகாது. பனி ஏரியில் பயன்படாது. புரோப்பேன் மைனஸ் 42 பாகை வரை ஆவியாகும்.

ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் புரோப்பேன் எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது. மூடிய கூடாரத்தில் அடுப்பும் மனிதர்களும் ஒரே ஆக்சிஜனைப் பங்கு போடுகிறார்கள். அது குறையும்போது எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைட் உண்டாகிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் வரும். தூங்கியவர் எழாமலே போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெப்பம் போகாமல் இருக்க நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும், தடித்த துணியாகட்டும், அடியில் போடும் பனித்தூளாகட்டும், புதிய காற்று வரும் வழியையும் அடைக்கிறது. அதனால், நல்ல கூடாரம் என்பது இறுக மூடக்கூடியது அன்று. மேலேயும் கீழேயும் காற்றுத் துளைகள் உள்ளது. கீழ்த்துளை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேல்துளை வழியாகச் சூடான காற்று வெளியேறும். வெப்பச் சலனமே விசிறியாக வேலை செய்கிறது. கொஞ்சம் வெப்பம் வீணாகும்தான். அந்த வெப்பம் உயிருக்குக் கொடுக்கும் விலை.

கூடாரத்துக்கென வரும் அடுப்புகள் சிலவற்றில், ஆக்சிஜன் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தானே அணையும் கருவி உண்டு. ஆனால், அது கார்பன் மோனாக்சைடை அளக்காது. அதற்கு பேட்டரியில் இயங்கும் தனி எச்சரிக்கைக் கருவி வேண்டும். அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் ஏரி எதுவும் உறையப்போவதில்லை. ஆனால், பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய்க் கூடாரம் அடிக்கும்போது குளிருகிறது என்று கரி அடுப்பை உள்ளே கொண்டு போகத் தோன்றலாம். மழைக்குக் கூடாரத்துக்குள்ளேயே சமைக்கத் தோன்றலாம். வாயு ஒன்றுதான், அது பனி ஏரி, மலைநாடு என்று பார்க்காது. தயவு செய்து அடுப்பை வெளியே வையுங்கள். குளிருக்கு இன்னொரு போர்வை போதும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று பனிக்கட்டிகளை எடுங்கள். ஒன்றைத் திறந்த தட்டில் வையுங்கள். இரண்டாவதை ஒரு சுற்றுத் துணியால் மூடுங்கள். மூன்றாவதைத் துணி, கசக்கிய செய்தித்தாள், மறுபடியும் துணி என்று சுற்றுங்கள். 20 நிமிடம் கழித்து மூன்றையும் எடை பாருங்கள். எது குறைவாக உருகியது? காரணத்தை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.